மெதுவா வாசிச்சாலும் கேக்கணும் - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஆர்மோனியம் வாசிச்சுப் பழகினவன் நான், இப்போ சிந்தசைசருக்கு வந்திருக்கேன். பியானோ டோன்ல மெதுவா வாசிச்சா சத்தமே எழும்ப மாட்டேங்குது, குத்திக் குத்தி வாசிச்சாத்தான் கேக்குது, அரை மணி நேரத்துல விரலெல்லாம் வலி. மெனுல டச் கர்வ்னு ஒண்ணு இருக்கு, அதுல சாஃப்ட், மீடியம், ஹார்ட், ஃபிக்ஸட்னு நாலு. சத்தம் நல்லா வரட்டுமேன்னு ஹார்ட் வெச்சேன், முன்னைவிட மோசமாயிடுச்சு. எப்படி செட் பண்றது?

பதில்: தம்பி, முதல்ல அந்த ஹார்டை மாத்திடுங்க. அந்தப் பேரு சத்தத்துக்கு இல்ல, உங்க கைக்கு. ஹார்ட்னா நீங்க பலமா அடிச்சாத்தான் பெரிய சத்தம் வரும், சாஃப்ட்னா லேசா வாசிச்சாலே வந்துடும். சில கருவியில இதையே லைட், ஹெவினு போட்டிருப்பாங்க, அர்த்தம் அதேதான். ஃபிக்ஸட்னா எப்படி அடிச்சாலும் ஒரே அளவு. நிறைய பேர் இந்த இடத்துலதான் தலைகீழா புரிஞ்சுக்கறாங்க.

ஆனா உங்க விஷயத்துல கர்வை மட்டும் மாத்தினா போதாதுன்னு தோணுது, ஏன்னா ஆர்மோனியத்துல சத்தம் துருத்தியில இருக்கு, விரல்ல இல்ல. அங்க கீயை அழுத்திப் புடிச்சுட்டு இடது கையால காத்தைக் கூட்டுவீங்க. சிந்த்ல கதை வேற. பெரும்பாலான கீபோர்டுல ஒவ்வொரு கீக்கு அடியிலயும் ரெண்டு காண்டாக்ட் இருக்கும், கீ இறங்கும்போது முதல்ல ஒண்ணு படும், கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு படும், ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் ஆச்சுன்னுதான் கருவி பாக்குது, நேரம் குறைஞ்சா வேகமா இறங்கியிருக்குன்னு அர்த்தம். அதாவது அது அளக்கறது வேகத்தை, எவ்வளவு அழுத்தறீங்கன்னு இல்ல. வெலாசிட்டின்னு பேரே அதனாலதான். நீங்க எவ்வளவு பலமா அழுத்தினாலும் கீ மெதுவா இறங்கினா அதுக்கு அது மெல்லிசான நோட்டுதான். கீ அடியில போய் உக்காந்தப்புறம் இன்னும் அமுக்கறதுல வெலாசிட்டி ஒரு புள்ளிகூட ஏறாது, அந்த அமுக்கு ஆஃப்டர்டச்னு வேற கணக்குல போகும், அதுவும் அந்த வசதி இருக்கற கருவியிலதான். அதனால ஒரு வாரம், கீயை அமுக்காம விரலை டக்குனு இறக்கிட்டு உடனே தளர்த்திப் பழகுங்க. விரல் வலி பாதி இதுலயே போயிடும்.

இப்போ செட்டிங். ரொம்ப சாதாரண பியானோ டோன் எடுத்துக்கோங்க, ரிவெர்ப், கம்ப்ரஸர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க, முக்கியமா கம்ப்ரஸர், அது பெருசையும் சின்னதையும் ஒண்ணாக்கி உங்களை ஏமாத்திடும். ஹெட்ஃபோன் வால்யூமை நல்லா கேக்கற அளவுக்கு வெச்சு அதுக்கப்புறம் தொடாதீங்க. வால்யூம் கம்மியா இருந்தா கை தானா ஓங்கி அடிக்கும், அப்புறம் எந்தக் கர்வும் சரியா தெரியாது. மீடியத்துல ஆரம்பிச்சு, ஒரே நோட்டை உங்களால முடிஞ்ச அளவு மெதுவா பத்து தடவை வாசிங்க. பத்துமே கேக்குதா, கிட்டத்தட்ட ஒரே அளவுல வருதா? சிலது காணாமப் போனா சாஃப்ட் பக்கம் நகருங்க. எல்லாரும் பலமா அடிச்சுப் பாத்துட்டு செட் பண்றாங்க, நான் எப்பவும் மெதுவான பக்கத்துலதான் ஆரம்பிப்பேன், பலமா அடிக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டாம், கஷ்டமெல்லாம் மெதுவா வாசிக்கறதுலதான்.

நம்பர் பாக்க முடிஞ்சா இன்னும் நல்லது. மிடியில, அதாவது கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கற முறையில, வெலாசிட்டி 1ல இருந்து 127 வரைக்கும், 0 வந்தா நோட்டை நிறுத்துன்னு அர்த்தம். கம்ப்யூட்டர்ல கனெக்ட் பண்ணி ஒரு பாட்டை சாதாரணமா வாசிச்சு ரெக்கார்ட் பண்ணுங்க. நான் வெச்சிருக்கற கணக்கு, சாதாரணமா வாசிக்கறது 60ல இருந்து 85க்குள்ள விழணும், மெல்லிசு 30 பக்கம், ரொம்ப அழுத்தமான இடம் மட்டும் 115ஐத் தொடணும். சும்மா வாசிக்கும்போதே 110க்கு மேல நின்னா மேல ஏற இடமே இல்ல, ஹார்ட் பக்கம் வாங்க. ஒண்ணு மட்டும், கீபோர்டுல ஒரு கர்வ் வெச்சுட்டு சாஃப்ட்வேர்லயும் இன்னொண்ணு வெக்காதீங்க, ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி எது எதைக் கெடுக்குதுன்னே கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: பியானோவுக்கு டச் நல்லா வேலை செய்யுது. ஆனா நானே பண்ணின சிந்த் பேட்ச்ல, அதாவது நானே செட் பண்ணின டோன்ல, எப்படி அடிச்சாலும் ஒரே சத்தம். கீபோர்டு கோளாறா?

பதில்: இல்லம்மா, கீபோர்டு நம்பரை ஒழுங்காத்தான் அனுப்புது, வாங்கிக்கற பேட்ச்தான் அதை எதுக்கும் பயன்படுத்தல. வெலாசிட்டி எங்க போகணும்னு ஒவ்வொரு பேட்ச்லயும் தனியா சொல்லணும். ஆம்ப் பக்கத்துல, அதாவது சத்தத்தைப் பாத்துக்கற பகுதியில, வெலாசிட்டி அளவு 0ல இருந்தா சத்தம் மாறாது, அதைக் கொஞ்சம் கூட்டுங்க.

ஆனா எனக்குப் பிடிச்ச இடம் ஃபில்டர், நாதத்தோட பளிச்சைக் குறைக்கற பகுதி. நிஜமான கருவிகள்ல பலமா வாசிச்சா சத்தம் மட்டும் ஏறாது, நாதமும் பளிச்சுனு ஆகும், அதைக் கொண்டு வர்றது வெலாசிட்டியை கட்ஆஃபுக்கு, அதாவது ஃபில்டர் எவ்வளவு திறந்திருக்குங்கற அளவுக்கு, அனுப்பறதுதான். இதுல எல்லாரும் மாட்டற விஷயம், கட்ஆஃப் ஏற்கனவே முழுசா திறந்திருந்தா வெலாசிட்டி எவ்வளவு குடுத்தாலும் ஒண்ணும் கேக்காது, திறந்த கதவை இன்னும் எங்க திறக்கறது. அதனால முதல்ல கட்ஆஃபை மெதுவான நோட்டு மங்கலா, ஆனா தெளிவா கேக்கற வரைக்கும் இறக்குங்க, அப்புறம் ஒரு கையால பலமா அடிச்சுக்கிட்டே இன்னொரு கையால வெலாசிட்டி அளவை ஏத்துங்க, நோட்டு விழிச்சுக்கற மாதிரி ஒரு இடம் வரும், அங்க நிறுத்துங்க. எஃப்எம் சிந்த்னா, அதாவது ஒரு அலையால இன்னொரு அலையை அசைச்சு நாதம் உண்டாக்கற கருவின்னா, இன்னும் அழகு. 1983ல வந்த யமஹா டிஎக்ஸ்7ல அலை உண்டாக்கற ஆறு ஆபரேட்டருக்கும் தனித்தனியா 0ல இருந்து 7 வரைக்கும் இந்த அளவு உண்டு, நாம கேக்கற அலையான கேரியர்ல கூட்டினா சத்தம் மாறும், அதை அசைக்கற மாடுலேட்டர்ல கூட்டினா நாதமே மாறும். அந்த எலக்ட்ரிக் பியானோ டோன் பலமா அடிச்சா மணி மாதிரி கிணுங்கறது அதனாலதான்.

ஆர்கன் பேட்ச் மட்டும் மாறலன்னா விட்டுடுங்க, நிஜ ஆர்கனும் அப்படித்தான், வேணும்னேதான் அப்படி வெச்சிருக்காங்க.

கேள்வி: நடுவுல ஒரே ஒரு கீ மட்டும் எப்படித் தொட்டாலும் கத்துது. கர்வ் மாத்தியும் போகல.

பதில்: கர்வ் எல்லா கீக்கும் பொது, ஒரு கீ மட்டும்னா அது செட்டிங் இல்ல, பெரும்பாலும் காண்டாக்ட்ல தூசிதான். ரெண்டு காண்டாக்டுக்கு நடுவுல இருக்கற நேரம் தப்பா பதிவாகி, மின்னல் வேகத்துல அடிச்சதா கருவி நினைச்சுக்குது. ரப்பர் பட்டையை எடுத்து ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால பட்டையையும் போர்டையும் லேசா துடைச்சு, நல்லா காஞ்சப்புறம் மாட்டினா பல தடவை சரியாயிடும். பிரிச்சுப் பழக்கம் இல்லன்னா மெக்கானிக்கிட்ட குடுங்க, வாரண்டி இருந்தா கையே வெக்காதீங்க.

கேள்வி: என் பழைய கீபோர்டுல ரெக்கார்ட் பண்ணினா எல்லா நோட்டும் வெலாசிட்டி 64ன்னே வருது. மெனுல டச்னு எதுவுமே இல்ல.

பதில்: அதுல வேகத்தை அளக்கற வசதியே இல்ல. அப்படிப்பட்ட கீபோர்டு 64ன்னு அனுப்பணும்னுதான் மிடி முறை. வாசிச்சு முடிச்சப்புறம் சாஃப்ட்வேர்ல தாளத்தோட முதல் அடியை 80க்கும், நடுவுல வர்ற சின்ன நோட்டுகளை 50க்கும் கையால மாத்திப் பாருங்க, பாட்டு மூச்சு விட ஆரம்பிக்கும்.