வாரப் பத்திரிகையும் வாசிப்பு வேகமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடந்த ஆறு மாதத்தில் மூன்று நூல்களைக் கையில் எடுத்தேன். முடித்தது ஒன்றுதான். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் பதினைந்து நாளில் வாசித்தேன். முதல் இரண்டு பாகம் பறந்தது. மூன்றாம் பாகத்திலிருந்து சொன்னதையே திரும்பச் சொல்வதாகப் பட்டது. ஐந்தாம் பாகத்தில் பல பக்கங்களைத் தாண்டிப் போனேன். உ.வே.சா.வின் தன்வரலாறான 'என் சரித்திரம்' அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மறைவு வரை வந்து நின்றுவிட்டது. எந்த ஊரில் தங்கினார், யார் ஆதரித்தார், எந்த அந்தாதியைப் பாடம் கேட்டார் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை இரண்டு முறை தொடங்கி, இரண்டு முறையும் நாற்பது பக்கத்தில் மூடிவிட்டேன். பேசுவது யாரென்றே பிடிபடவில்லை. கதைக்கு வேகம் வேண்டும், வாழ்க்கை வரலாற்றுக்குத் தேர்ந்தெடுப்பு வேண்டும் என்பது என் எண்ணம். குறை என்னிடமா, நூல்களிடமா? அடுத்து எதை எடுக்கட்டும்?

ச., திருவாரூர்

அன்புள்ள ச.,

குறை யாரிடம் என்று பார்ப்பதற்கு முன், இந்த மூன்று நூலும் எப்படி உருவாயின என்று பார்த்துவிடலாம். உங்கள் சலிப்புக்கான காரணத்தில் பாதி அங்கேயே இருக்கிறது.

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் கடைசியில் 'கல்கி' வார இதழில் தொடங்கி 1954 மே மாதம் முடிந்தது. ஐந்து பாகத்துக்கும் சேர்த்து 293 அத்தியாயங்கள். வாரக் கணக்கில் வகுத்தால் வாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை அத்தியாயம் வருகிறது. நீங்கள் பதினைந்து நாளில் முடித்தீர்கள் என்றால் நாளொன்றுக்கு இருபது அத்தியாயம். அன்றைய வாசகர் கையில் மூன்று மாதம் தவணையாக வந்ததை நீங்கள் ஒரே நாளில் விழுங்கியிருக்கிறீர்கள்.

வந்தியத்தேவனை ஓரிடத்தில் விட்டுவிட்டு பூங்குழலியிடம் போகும் கல்கி, அவனிடம் திரும்பி வருவதற்குள் நான்கைந்து வாரம் ஓடியிருக்கும். அதற்குள் வாசகர் மறந்திருப்பார். அதனால்தான் அவன் எங்கே, எந்த நிலையில் நின்றான் என்று மறுபடி நினைவூட்டுகிறார். அந்த நினைவூட்டலைத்தான் நீங்கள் சொன்னதையே சொல்வதாக உணர்ந்தீர்கள். அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில் ஒரு கதவு திறப்பதும், ஒரு குரல் கேட்பதும், ஓர் உருவம் மரத்தின் பின்னால் மறைவதும் அடுத்த வாரம் வரை தாங்குவதற்காக வைத்தவை. ஒரு நாளில் இருபது முறை அப்படி ஒரு குரல் கேட்டால் எந்த வாசகருக்கும் காது மரத்துப்போகும்.

இப்படிப்பட்ட தொடர்கதைகளை நாளுக்கு ஐந்து அத்தியாயத்துக்கு மேல் வாசிக்காதீர்கள். இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். அத்தியாயம் முடிகிற இடத்தில் நிறுத்தாதீர்கள், நடுவில் நிறுத்துங்கள். முடிவில் கொக்கி இருப்பதால் 'இன்னும் ஒன்று' என்று கை தானாகப் பக்கத்தைப் புரட்டும், நீங்கள் களைத்த பிறகும் வாசித்துக்கொண்டிருப்பீர்கள். நடுவில் நிறுத்தினால் மறுநாள் அந்தக் காட்சிக்குள் நேராக இறங்கலாம்.

ஐந்தாம் பாகத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை முழுதும் மறுக்க மாட்டேன். அதில் மட்டும் 91 அத்தியாயம் இருக்கிறது, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் இறந்தபின் கதையின் முறுக்கு தளர்கிறது. ஆனால் பக்கங்களைத் தாண்டியதில் ஒன்றை இழந்திருப்பீர்கள். கொலை செய்தது யார் என்பதைக் கல்கி கடைசிவரை ஒருவர் தலையில் கட்டவில்லை. காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற உடன்பிறந்தாரைச் சொல்கிறது. அவர்களின் நிலம் பறிமுதலானதைப் பற்றிப் பேசுகிறதே தவிர, அவர்கள் ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் கல்கி தன் கதையை நிறுத்தியிருக்கிறார். கல்வெட்டின் மௌனத்தை நாவலாசிரியர் மதித்திருக்கிறார் என்பது எனக்கு அந்நூலின் மீதுள்ள பெரிய மரியாதை.

'என் சரித்திரம்' விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் உங்களோடு வலுவாக முரண்படுகிறேன். அதுவும் வாரத் தொடர்தான். 1940இல் 'ஆனந்த விகடன்' இதழில் தொடங்கியது, 1942 ஏப்ரலில் அவர் மறைந்ததால் பாதியில் நின்றது. 122 அத்தியாயம் வந்தும் கதை 1899ஐ ஒட்டித்தான் நிற்கிறது. எண்பத்தைந்து வயதில் எழுதத் தொடங்கியவர் தன் நாற்பத்து நான்காவது வயதைக்கூடத் தாண்டவில்லை. இதில் தேர்ந்தெடுப்பு இல்லை என்கிறீர்கள். எந்த ஊர், எந்த மடம், யாருடைய ஆதரவு என்ற விவரங்களை எடுத்துவிட்டால் அச்சகமும் கல்லூரியும் பரவாத காலத்தில் தமிழ்க் கல்வி எப்படி உயிரோடு இருந்தது என்பதற்கு வேறு சாட்சி எங்கே போய்த் தேடுவது? ஒரு மாணவன் ஓர் அந்தாதியைப் பாடம் கேட்க ஊர் மாற வேண்டியிருந்தது, குடும்பமே கூடப் பெயர வேண்டியிருந்தது. அந்த நடையின் அலுப்பும் நூலுக்குள் இருக்கத்தான் வேண்டும்.

நீங்கள் நிறுத்திய இடம்தான் எனக்கு வருத்தம். பிள்ளை மறைந்தது 1876இல். நான்கு ஆண்டு கழித்து உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் சேர்கிறார். அதே 1880 அக்டோபரில், அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கிறார். 'என்ன பிரயோசனம்?' என்று ஓர் அத்தியாயத் தலைப்பு வரும். தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் எல்லாவற்றையும் அவர் பட்டியலிட, முதலியார் கேட்கும் கேள்வி அது. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் உண்டா என்று அடுத்த கேள்விகள். உங்களுக்குச் சலிப்பூட்டிய அதே பட்டியல்தான் இங்கே தோற்றுப்போகிறது. முன்பாதியை வாசித்தவருக்குத்தான் அந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். நீங்கள் அந்த வலிக்கான விலையை முழுக்கக் கொடுத்துவிட்டு, பொருளை வாங்காமல் திரும்பிவிட்டீர்கள்.

அதற்கப்புறம் வரும் ஏட்டு வேலையை, அதாவது ஓலைச்சுவடிகளிலிருந்து சிந்தாமணியைப் பதிப்பித்த கதையைக் கவனமாக வாசிக்க ஒரு விவரம் தெரிந்தால் போதும். ஓலையில் எழுதுபவர்கள் புள்ளி வைப்பதில்லை. கொம்பில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். 'கொடி' என்று ஓர் ஏட்டில் இருந்தால் அதைக் கொடி என்றும் படிக்கலாம், கோடி என்றும் படிக்கலாம். 'எரி' என்றால் நெருப்பா, நீர்நிலையா? செய்யுள் எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது என்பதற்கும் அடையாளம் இருக்காது, எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடும். சீவக சிந்தாமணியில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்கள். உரை எழுதிய நச்சினார்க்கினியர் மேற்கோள் தருகிறார், எந்த நூலிலிருந்து என்று பெரும்பாலும் சொல்வதில்லை. இத்தனைக்கும் நடுவில் 1887இல் அந்தப் பதிப்பு வெளிவந்தது. ஒரு தாளில் ஆள், ஊர், அவரிடமிருந்து வந்தது பாடமா ஏடா பணமா என்று மூன்று பத்தியாகக் குறித்துக்கொண்டு வாசியுங்கள். முன்பாதியில் தலைகாட்டிய பெயர் பின்பாதியில் ஏட்டோடு வந்து நிற்கும்போது அந்தத் தாள் பலன் தரும்.

'புயலிலே ஒரு தோணி'யின் சிக்கல் நேர் எதிரானது. அது எந்தப் பத்திரிகையிலும் தவணையாக வரவில்லை. 1962 வாக்கில் எழுதி முடித்தும் 1972இல்தான் நூலானது. அதனால் நினைவூட்டல் கிடையாது, 'இன்னார் சொன்னார்' கிடையாது, காலம் மாறுவதற்கு உடுக்குறி (*) கிடையாது. போர்க்காலச் சுமத்ராவின் மேடான் நகரில் நடக்கும் கதாநாயகன் பாண்டியன் அடுத்த வரியில் தன் சொந்த ஊரான சின்னமங்கலத்தில் இருப்பான். வார இதழ் வாசிப்பில் பழகிய கண் இங்கே வழுக்கும்.

மூன்று தேதியைப் புத்தக அடையாள அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். 1942 மார்ச், ஜப்பானியர் வட சுமத்ராவில் இறங்கியது. 1943 ஜூலை, நேதாஜி சிங்கப்பூர் வந்தது. 1945 ஆகஸ்ட், ஜப்பான் சரணடைந்தது. கதையில் நிகழ்காலம் எங்கே என்று குழம்பும்போதெல்லாம் இந்த மூன்றில் எதற்கு முன், எதற்குப் பின் என்று கேட்டால் விடை கிடைக்கும். சொற்கள் சிலவும் வேண்டும். கதை மனிதர்கள் வேலை பார்க்கும் வட்டிக்கடையில் பொறுப்பாளர் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், எடுபிடிக்குப் பெட்டியடிப் பையன். தவ்க்கே என்றால் முதலாளி, துவான் என்றால் ஐயா, தொங்கான் என்றால் சரக்குப் பாய்க்கப்பல். முதல் அத்தியாயத் தலைப்பான 'கெர்க் ஸ்ட்ராட்' டச்சு மொழியில் சர்ச் தெரு, அவ்வளவுதான்.

முதல் இரண்டு அத்தியாயத்தை வாய்விட்டு வாசியுங்கள். பேச்சில் ஆள் மாறும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பேச்சு வழக்கும் விளிச்சொல்லும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணால் வேகமாக ஓடினால் மட்டும்தான் குரல்கள் கலக்கின்றன. இந்நூலின் உண்மையான குறை வேறு: பெண்கள் அனைவரும் ஆண்களின் பார்வையிலேயே வந்துபோகிறார்கள், குடிக்கும் மேசையில் நடக்கும் இலக்கிய விவாதங்கள் இரண்டு இடத்தில் அளவு மீறுகின்றன. அவற்றை மீறியும், கடல் கடந்து போன தமிழ் ஆணின் தனிமையை இதற்கு இணையாகச் சொன்ன நாவல் தமிழில் இல்லை என்றே நினைக்கிறேன்.

அப்படியும் முடியாவிட்டால் சிங்காரத்தின் முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்' இருக்கிறது. சிறியது, நேர்கோட்டில் போவது, அதே வட்டிக்கடை உலகம், அதே போர்க்காலம். அதன் நாயகன் செல்லையாவோடு பினாங்கில் பழகிவிட்டால் பாண்டியனோடு மேடானில் நடப்பது கடினமில்லை.

அடுத்து எதை எடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். புதிதாக எதுவும் வேண்டாம். 'என் சரித்திரம்' எங்கே மூடினீர்களோ அங்கே திறங்கள். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் போதும். சிந்தாமணி அச்சேறும் இடம் வந்ததும் மறுபடி எழுதுங்கள்.