இரட்டை ஆட்சி: கிளைவ் காலத்ததும் மாண்டேகு காலத்ததும் ஒன்றுதானா?

கேள்வி: வங்காளத்தில் 1765இல் இரட்டை ஆட்சி, 1919 சட்டத்திலும் இரட்டை ஆட்சி என்று பாடப்புத்தகத்தில் வருகிறது. இரண்டும் ஒன்றா? டெல்லி, புதுச்சேரியில் இப்போது இருப்பதையும் அப்படிச் சொல்லலாமா?

பெயர் ஒன்று, ஏற்பாடு வேறு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இதில் குழம்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன். குழம்பினால் அவர்கள் மேல் தப்பில்லை, கையேடுகள் இரண்டையும் ஒரே வரியில் போட்டுவிட்டுப் போய்விடுகின்றன.

முதலில் 1765. கிழக்கிந்தியக் கம்பெனியிடம் பக்சார் போரில் தோற்ற மறு ஆண்டு, முகலாய மன்னர் இரண்டாம் ஷா ஆலம் வங்காளம், பீகார், ஒரிசாவின் திவானி உரிமையை, அதாவது வரி வசூலிக்கும் உரிமையை, கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். அப்போது கம்பெனியின் வங்காள ஆளுநர் கிளைவ். பதிலுக்கு அவருக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய். காவல், குற்ற வழக்கு, பொது நிர்வாகம் எல்லாம் வங்காள நவாப் பெயரிலேயே தொடர்ந்தன. கொத்துச்சாவி மாமியார் இடுப்பில், சமையல் பொறுப்பு மருமகள் தலையில் என்கிற கதைதான். வசூலைக்கூடக் கம்பெனி தன் கையால் செய்யவில்லை. வங்காளத்துக்கு முகமது ரெசா கான், பீகாருக்கு ஷிதாப் ராய் என்று துணை திவான்களை வைத்து நடத்தியது. 1770 பஞ்சத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோதும் வசூல் நிற்கவில்லை. கேட்டால் நிர்வாகம் நவாபுடையது என்று கம்பெனி கைகாட்ட முடிந்தது. நவாபிடமோ பணமும் இல்லை, படையும் இல்லை. 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் இந்த ஏற்பாட்டை முடித்துவைத்தார். இதில் மக்கள் பிரதிநிதி என்ற பேச்சே கிடையாது.

பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த 1919 இந்திய அரசுச் சட்டத்தில் வந்தது வேறு ரகம். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1917 ஆகஸ்ட் 20 அன்று, இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி (சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லும் ஆட்சி) தருவோம் என்று பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்குப் பொறுப்பான அமைச்சர் மாண்டேகு அறிவித்தார். அதிகாரத்தை எப்படிப் படிப்படியாகக் கொடுப்பது? லயனல் கர்டிஸ் என்ற ஆங்கிலேயரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஒரு வழி யோசித்திருந்தார்கள்: மாகாண அரசை இரண்டாகப் பிளந்துவிடு. சில துறைகள் சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லும் இந்திய அமைச்சர்களிடம். அவை மாற்றப்பட்ட துறைகள். மற்றவை ஆளுநரிடமும் அவருடைய நிர்வாகக் குழுவிடமும்; அவை ஒதுக்கப்பட்ட துறைகள். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி, வேளாண்மை, கலால் (சாராயம் போன்றவற்றின் மீதான வரி) முதல் பட்டியலில் வந்தன. போலீஸ், நீதி, நிலவரி, பாசனம், நிதி இரண்டாவதில்.

நம் சென்னை மாகாணத்தில் 1920 நவம்பர் தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது. நீதிக்கட்சி வென்று, டிசம்பரில் ஏ. சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சர் ஆனார். மறு ஆண்டே அவர் இடத்துக்குப் பனகல் அரசர் வந்தார். மொத்தம் மூன்றே அமைச்சர்கள்.

அந்த மூவரில் ஒருவர் கே.வி. ரெட்டி நாயுடு, வளர்ச்சித் துறை அமைச்சர். இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று ஆராய 1924இல் முடிமன் குழு வந்தபோது அவர் சொன்ன சாட்சியம் போதும், மற்ற விளக்கமே வேண்டாம். சாரத்தை மட்டும் தருகிறேன்: நான் வளர்ச்சி அமைச்சர், காடுகள் என்னிடம் இல்லை. வேளாண்மை அமைச்சர், பாசனம் என்னிடம் இல்லை. விவசாயிகளுக்குக் கடன் கொடுக்கும் சட்டங்களும் என்னிடம் இல்லை. தொழில்துறை அமைச்சர், ஆனால் தொழிற்சாலை, கொதிகலன், மின்சாரம், சுரங்கம், தொழிலாளர் எதுவும் என்னுடையதில்லை. எதிர்க்கட்சிக்காரர் பேச்சில்லை இது, அந்தப் பதவியில் இருந்து அனுபவித்தவர் சொன்னது.

பாடப்புத்தகங்கள் துறைப் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அதைவிடப் பெரியதாகப் படுவது பணப்பை. நிதித்துறை ஒதுக்கப்பட்ட பக்கம் இருந்தது. அமைச்சர் ஒரு பள்ளிக்கூடம் கட்ட நினைத்தாலும் மறுபக்கம் போய்க் கேட்க வேண்டும். போதாததற்கு, மெஸ்டன் குழு சொன்ன கணக்குப்படி சென்னை மாகாணம் ஆண்டுக்கு 348 லட்சம் ரூபாய் மத்திய அரசுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. எல்லா மாகாணங்களும் சேர்ந்து கட்டிய 983 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம்முடையது. பம்பாய் கட்டியது 56 லட்சம்தான். இதற்கு நடுவில் அமைச்சர்கள் கையில் இருந்த பெரிய வருமானம் எது தெரியுமா? கலால். சாராயக் கடையும் அவர்கள் பொறுப்பு, பள்ளிக்கூடமும் அவர்கள் பொறுப்பு. மதுவிலக்கு என்று பேசினால் கல்விச் செலவில் கை வைத்தாக வேண்டும். (இந்தச் சிக்கல் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை என்று சொல்ல வந்தேன், அவ்வளவுதான்.)

துறைச் செயலாளர்களாக இருந்த ஐ.சி.எஸ். (இந்திய சிவில் பணி) அதிகாரிகளின் பணி விதிகள் லண்டன் கையில். அமைச்சரோடு ஒத்துப்போகாவிட்டால் அவர்கள் நேரே ஆளுநரிடம் போகலாம்.

அதனால் எல்லாமே வெறும் நாடகம் என்று சிலர் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு 1921இல் சென்னை சட்டமன்றம் வாக்குரிமை கொடுத்தது, மாகாணங்களில் முதலாவதாக. அதே ஆண்டு, அரசு வேலைகளைச் சாதி, மத வாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி அரசாணை வந்தது. இந்து அறநிலையச் சட்டம், ஆந்திரப் பல்கலைக்கழகம் எல்லாம் இந்த அரைகுறை அதிகாரத்தில் நடந்தவைதான். ஆளுநர் வில்லிங்டன் இரண்டு பக்கத்தாரையும் ஒன்றாக உட்காரவைத்து ஆலோசித்ததும் உதவியது. ஆக, இங்கே வண்டி ஓரளவு ஓடியதற்குச் சட்டத்தைவிட ஆட்கள்தான் காரணம்.

வங்காளத்தில் நிலைமை தலைகீழ். சி.ஆர். தாஸின் சுயராஜ்யக் கட்சி உள்ளே போய் முடக்குவது என்ற முடிவோடு சட்டமன்றம் நுழைந்து, 1924இல் அமைச்சர்களின் சம்பளத்துக்கே நிதி ஒதுக்க மறுத்தது. மாற்றப்பட்ட துறைகள் திரும்ப ஆளுநர் கைக்குப் போயின. சென்னையில் 1926 தேர்தலில் அதே கட்சி அதிக இடம் பிடித்தும் பதவி வேண்டாம் என்றது. அப்புறம்தான் ப. சுப்பராயன் தலைமையில் சுயேச்சை அமைச்சரவை வந்தது.

1935 சட்டம் மாகாணங்களில் இந்தப் பிளவை நீக்கியது; 1937 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதே சட்டம் மத்தியில் இரட்டை ஆட்சி கொண்டுவரத் திட்டம் போட்டிருந்தது. அதற்கு, மன்னர்கள் ஆண்ட சமஸ்தானங்களும் மாகாணங்களும் சேர்ந்த ஒரு கூட்டாட்சி அமைய வேண்டும். சமஸ்தானங்கள் சேரவில்லை, அது காகிதத்தோடு போயிற்று.

சரி, இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. டெல்லியில் போலீஸ், பொது ஒழுங்கு, நிலம் மூன்றும் சட்டமன்ற வரம்புக்கு வெளியே என்று அரசியலமைப்பின் 239ஏஏ பிரிவே சொல்கிறது. துறைவாரியாகப் பிரித்திருப்பதால் 1919 சாயல் அதில் உண்டு. புதுச்சேரியில் அப்படிப்பட்ட பட்டியல் இல்லை. 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் இரண்டிலும் அங்கே சட்டம் இயற்றலாம். துணைநிலை ஆளுநரும் அமைச்சரவையும் முரண்பட்டால் விஷயம் குடியரசுத் தலைவருக்குப் போகும். அங்கே நடப்பதை அதிகார இழுபறி என்று தாராளமாகச் சொல்லலாம். இரட்டை ஆட்சி என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் போய்விடும்.