டிக்கெட்டே இல்லாத கூத்தால் ஊருக்கு என்ன வருமானம்?

“கலை நிகழ்ச்சிக்குப் போடும் பணம் தண்டம்தானே, ஊருக்கு அதனால் என்ன கிடைக்கிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் செய்யாறு பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் நடக்கும் பாரதக் கூத்தை, அதாவது மகாபாரதக் கதையை ஆடும் தெருக்கூத்தை வைத்தே சொல்கிறேன்.

பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடி வரை இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனன் மடியும் படுகளம், சாயங்காலம் தீமிதி. ஜமா என்கிற கூத்துக் குழுவுக்கும் பந்தலுக்கும் ஆகிற செலவை ஊரே வரி போட்டுத் தந்துவிடும். பார்க்க வருகிறவர் ஒரு பைசா கொடுக்க வேண்டாம். கோயில் கணக்கு நோட்டை மட்டும் பார்த்தால் செலவுதான் தெரியும். வரவைப் பார்க்கக் களத்தின் ஓரத்துக்கு வர வேண்டும்.

அங்கே டீக்கடையில் ராத்திரி முழுக்க அடுப்பு எரியும். மற்ற நாளில் எங்கள் வீட்டு மாட்டுப் பாலெல்லாம் சொசைட்டிக்குப் போய்விடும். கூத்து நாட்களில் டீக்கடைக்காரர் வீடு வீடாகக் கேட்டு, லிட்டருக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடப் போட்டு வாங்குவார். என் பெரியம்மா சுண்டல் போடுவார். கடலையை உள்ளூர் மளிகைக் கடையில்தான் எடுப்பார், வரும் காசில் அந்தக் கடையின் பழைய பாக்கியையும் அடைப்பார். கூத்துப் பார்க்க வந்தவர் கொடுத்த பத்து ரூபாய் இப்படி ஊருக்குள்ளேயே இரண்டு மூன்று கை மாறும். திரௌபதி துகில் கட்டத்தில் மட்டும் எல்லாக் கடைக்காரரும் ஈ ஓட்ட வேண்டியதுதான், கூட்டத்தில் ஒருவர் எழுந்திருக்க மாட்டார்.

அர்ச்சுனன் சிவனை நோக்கித் தவம் செய்யும் தபசு அன்று கூட்டமே வேறு. வேஷக்காரர் பாடிக்கொண்டே தபசு மரம் என்று நட்ட உயரமான கம்பத்தின் உச்சிக்கு ஏறி எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருவார்கள். பூ, பழம், ஆட்டோ, சாப்பாடு எல்லாவற்றுக்கும் அவர்கள் கையிலிருந்துதான் பணம். தீமிதிக்குப் பெங்களூரு, சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். ஊர்க்காரர் செலவழிப்பது எப்படியும் இங்கே எதற்காவது செலவாகியிருக்கும். வெளியிலிருந்து வருவதுதான் புதுப் பணம். அவர்கள் கூடுதலாகவும் செலவழிப்பார்கள் என்று அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டுக்கு ‘அமெரிக்கன்ஸ் ஃபார் தி ஆர்ட்ஸ்’ என்ற கலை அமைப்பு எடுத்த கணக்கு காட்டுகிறது: டிக்கெட் போக, ஒரு நிகழ்ச்சிக்கு உள்ளூர்ப் பார்வையாளர் சராசரியாக 29.77 டாலர் செலவழித்தால், வெளியூர்க்காரர் 60.57 டாலர் செலவழிக்கிறார்.

எல்லாமே ஊரில் தங்கிவிடாது. ராட்டினக்காரர், பொம்மைக் கடைக்காரர் வாங்கியது அவர்களோடு போய்விடும். சரி, அவர்களுக்கும் பிழைப்புதானே.

எனக்கு ஆற்றாமையெல்லாம் வேறு விஷயத்தில். பல நாள் நடந்த பாரதத்தைச் சில ஊர்களில் சுருக்கிவிட்டு, ஒரே ராத்திரி பாட்டுக் கச்சேரி வைக்கிறார்கள். பத்து பத்தரைக்கு அது முடிந்துவிடும். பாட்டுக்காரர்கள் வாங்கிய பணத்தோடு வேனில் ஏறிவிடுவார்கள், பெரியம்மாவின் சுண்டல் பாதி அப்படியே இருக்கும். விடியும் வரை உட்கார வைக்கிற கலைக்குத்தான் நாலு தடவை டீ விற்கும்.

ஊர்ப் பெரியவர்களிடம் நான் கேட்டுக்கொண்டே இருப்பது ஒன்றுதான்: களத்தின் பக்கத்தில் பெண்களுக்குக் கழிப்பறையும் நல்ல வெளிச்சமும் வேண்டும். அது இல்லாததால்தான் வெளியூர்க் குடும்பங்கள் தபசு முடிந்த கையோடு கிளம்பிவிடுகின்றன.