கல்லீரலில் கட்டி, டிபி என்கிறார்கள்: பயாப்ஸி கட்டாயமா?

கடலூர் முதுநகர் வாசகர் ஒருவரின் கேள்வி: "அப்பாவுக்கு 58 வயது. இரண்டு மாதமாகச் சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பு இளைத்துவிட்டது. ஸ்கேனில் கல்லீரலில் கட்டி. சீழ்க்கட்டி என்று ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. அப்புறம் புற்றுநோயோ என்றார்கள். இப்போது டிபியாக இருக்கலாம், பயாப்ஸி வேண்டும் என்கிறார்கள். இருமலே இல்லை, நெஞ்சு எக்ஸ்ரேவும் சுத்தம். நேரடியாக டிபி மாத்திரை ஆரம்பித்தால் என்ன?"

வேண்டாம், முதலில் பயாப்ஸி, அதாவது கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதிப்பது.

இருமல் இல்லாமலும் டிபி வரும். கிருமி ரத்தம் வழியாக உடம்பெங்கும் பரவும்போது கல்லீரலும் மாட்டிக்கொள்வது உண்டு, ஆனால் கல்லீரலில் மட்டும் கட்டியாக நிற்பது அபூர்வம், குழப்பமே அங்கேதான். கள்ளு, சாராயம் புழங்கும் நம் பக்கத்தில் அமீபா சீழ்க்கட்டியை டாக்டர் முதலில் நினைத்ததில் தப்பே இல்லை. ஸ்கேனில் டிபி கட்டியும் புற்றுநோய் மாதிரியே தெரியும். சிலருக்குப் பித்தக்குழாய் பக்கத்தில் நெறிகட்டி அதை அழுத்துவதால் மஞ்சள் காமாலையாகவே வெளிப்படும் (வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்). கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி பெரிதாக ஏறாமல் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற அளவு மட்டும் எகிறியிருந்தால் டிபியோ என்று சந்தேகப்படலாம், ஆனால் புற்றுநோயிலும் அது ஏறும் என்பதால் அதை வைத்து முடிவு கட்ட முடியாது.

பயாப்ஸிக்கு முன்பே ஒன்று கேட்டுவிடுங்கள்: எடுக்கிற சதையை இரண்டு பாட்டிலில் போடுவார்களா? ஒன்று ஃபார்மலினில், நுண்ணோக்கியில் பார்க்க. இன்னொன்று வெறும் சலைனில் (உப்பு நீர்), சிபிநாட்டுக்கும் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது). எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் செய்ய வழியில்லை. சிபிநாட்டில் ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டிபி மருந்து கேட்குமா கேட்காதா என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும். கல்லீரல் சதையில் கிருமி கொஞ்சமாகத்தான் இருக்கும் என்பதால் சிபிநாட் நெகட்டிவ் என்று வந்தாலும் டிபி இல்லை என்று அர்த்தமில்லை. அப்பா ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் என்றால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள், ரத்தக்கசிவு பயம் இருக்கிறது.

டிபி என்று உறுதியானால் மாத்திரை அரசு மருத்துவமனையிலேயே இலவசம், சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாயும் உண்டு. டிபி மாத்திரைகளில் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் மூன்றுமே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை, அதனால் ஆரம்பிக்கும் முன்பும் இடையிலும் ரத்தப் பரிசோதனை வேண்டும். குடி அறவே கூடாது. வாந்தி, கண் மஞ்சள், கறுத்த சிறுநீர் என்று எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். மறுபடி எப்போது, எதில் ஆரம்பிப்பது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

தட்டு, டம்ளரைத் தனியாக வைக்காதீர்கள். நுரையீரலில் டிபி இல்லையென்றால் வீட்டில் யாருக்கும் அவரிடமிருந்து தொற்றாது.