1,200 தீ விபத்தா, 400 தீ விபத்தா: எந்த நகரத்துக்குக் குடிபோவது?

கேள்வி: வேலை நிமித்தம் குடும்பத்தோடு ஊர் மாறுகிறோம். இரண்டு நகரங்களில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். எங்கள் பிராந்தியத்தின் தீ விபத்துப் பட்டியலைப் பார்த்தேன். 20 லட்சம் பேர் வாழும் முதல் நகரத்தில் போன ஆண்டு 1,200 விபத்துகள்; 5 லட்சம் பேர் வாழும் இரண்டாவதில் 400. கைக்குழந்தையும் வயதான அம்மாவும் கூட வருகிறார்கள். சிறிய நகரம்தான் பாதுகாப்பு என்று முடிவு செய்யலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள். பெரிய நகரத்தில் ஒரு லட்சம் பேருக்கு 60 விபத்து, சிறியதில் 80. அப்படியானால் பெரிய நகரம்தான் பாதுகாப்பா? அதுவும் இல்லை. அந்த 400-ல் 250, வெயில் காலத்தில் காய்ந்த புல்லும் குப்பைமேடும் எரிந்ததாக இருக்கலாம். பெரிய நகரத்தில் அப்படிப்பட்டவை 200 மட்டும் என்று வைத்துக்கொள்வோம். மீதியை வகுத்தால் கணக்கு மறுபடி திரும்பிவிடும்: பெரியதில் லட்சத்துக்கு 50, சிறியதில் 30.

இப்படி ஆவதற்குக் காரணம், அந்தப் பட்டியல் எண்ணுவது தீயணைப்பு வண்டி போய்வந்த தடவைகளை. பதிவேட்டில் ரோட்டோரக் குப்பை பத்து நிமிடம் எரிந்ததும் ஒரு வரி. நள்ளிரவில் மூன்றாம் மாடி வீடு எரிந்ததும் ஒரு வரி. கூட்டும்போது இரண்டுக்கும் ஒரே மதிப்பு. இங்கிலாந்தில் இதற்காகவே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கட்டடம், வாகனம் எரிந்தாலோ, ஆட்களுக்குக் காயம் பட்டாலோ முதல்நிலைத் தீ. ஆளில்லாத இடத்தில் புல், குப்பை எரிந்தால் இரண்டாம்நிலை. அங்கே வண்டிகள் போகும் அழைப்புகளில் சுமார் 40 சதவீதம் தீயே இல்லாத பொய் எச்சரிக்கைகள். உங்கள் பட்டியலில் அவையும் சேர்ந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். வீட்டுத் தீயை மட்டும் தனியாகத் தரச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

இன்னொன்று, எண்ணிக்கை கூடுவது எப்போதும் கெட்ட செய்தி அல்ல. புதிதாக ஒரு தீயணைப்பு நிலையம் வந்தால் மக்கள் சின்னத் தீக்கும் கூப்பிடுவார்கள். நிலையம் தூரத்தில் இருக்கும் ஊரில் வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். அது பதிவேட்டுக்கே வராது.

இறப்பு எண்ணிக்கையில் இந்தக் குளறுபடி குறைவு. அதை மறைப்பது கடினம். சிடிஐஎஃப் என்ற சர்வதேசத் தீயணைப்புச் சங்கம், நாடுகளையும் நகரங்களையும் ஒப்பிடும்போது ஆயிரம் பேருக்கு எத்தனை தீ என்பதோடு, லட்சம் பேருக்கு எத்தனை இறப்பு, நூறு தீக்கு எத்தனை இறப்பு என்றும் பார்க்கிறது. கடைசி எண் ரொம்ப முக்கியம். தீப்பிடித்த பிறகு ஆட்கள் தப்பிக்க முடிகிறதா என்பதை அதுதான் காட்டும்.

ஆனால் ஓர் ஆண்டை மட்டும் வைத்து எடைபோட வேண்டாம். 5 லட்சம் பேர் உள்ள நகரத்தில் போன ஆண்டு 3 பேர், இந்த ஆண்டு 6 பேர் இறந்தால் அது 'நூறு சதவீத உயர்வு' ஆகிவிடும். ஒரே வீட்டில் நடந்த ஒரே விபத்தாகக்கூட இருக்கலாம். லண்டன் கிரென்ஃபெல் டவரில் 2017 ஜூன் 14 அன்று பற்றிய ஒரே தீயில் 72 பேர் இறந்தார்கள். இங்கிலாந்து முழுவதிலும் சமீப ஆண்டுகளில் தீயால் இறப்பவர்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 250 பேர். ஒரு கட்டடம் ஒரு நாட்டின் கணக்கையே எவ்வளவு மாற்றியிருக்கிறது பாருங்கள். ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

காரணங்களின் பத்தியில் 'மின்கசிவு' பெரிய பங்கைப் பிடித்திருந்தால் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். வயரின் மேலுறை தீயில் உருகினாலே உள்ளே இருக்கும் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுப் பொறி பறக்கும். செம்புக் கம்பியின் நுனி உருகிக் குண்டுமணி போல உறைந்து நிற்கும். அது தீயைத் தொடங்கிய கம்பியா, தீயில் மாட்டிய கம்பியா என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. சரியாக விசாரிக்காத இடத்தில் அணைக்காமல் போட்ட சிகரெட்டும் அடுப்பில் மறந்த எண்ணெயும்கூட மின்கசிவாகப் பதிவாகிவிடும். காரணங்கள் பலவாகப் பிரித்து எழுதப்பட்டு, 'தெரியவில்லை' என்ற பகுதியும் ஒளிக்காமல் இருக்கும் பட்டியலைத்தான் நான் நம்புவேன்.

அப்புறம், வண்டி வந்துசேரும் நேரம். சராசரியைக் கேட்காதீர்கள், பத்து அழைப்புகளில் ஒன்பதுக்கு எத்தனை நிமிடத்துக்குள் வருகிறார்கள் என்று கேளுங்கள். கடிகாரம் போன் மணி அடித்தபோது தொடங்குகிறதா, வண்டி புறப்பட்டபோதா என்பதையும் கேளுங்கள். யு.எல். என்ற அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தின் ஆய்வுக்கூடச் சோதனையில், ஃபோம் சோஃபாவும் செயற்கை இழைத் திரையும் உள்ள அறை ஐந்து நிமிடத்துக்குள் முழுவதுமாகப் பற்றிக்கொண்டது. மரமும் பருத்தியும் நிறைந்த பழைய பாணி அறைக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் ஆனது. இப்போதைய வீடுகளில் வண்டி வரும்வரை காத்திருக்க நேரமே இருக்காது.

அதனால் உங்கள் அம்மாவுக்கும் குழந்தைக்கும் ஊரைவிட வீடுதான் முக்கியம். முடிந்தால் தரைத்தளமோ முதல் மாடியோ பாருங்கள். வீடு பார்க்கப் போகும்போது லிஃப்டை விட்டுவிட்டு அம்மாவோடு படியில் ஒருமுறை இறங்குங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது, வழியில் சைக்கிளும் அட்டைப்பெட்டியும் அடைத்துக்கொண்டு நிற்கின்றனவா, கீழ்க்கதவு இரவில் உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்குமா, ஜன்னல் கம்பியில் திறக்கும் பகுதி உண்டா என்று பாருங்கள். புகை எச்சரிக்கைக் கருவி இல்லையென்றால் குடிபோகும் நாளிலேயே படுக்கையறைக்குள்ளும் அதன் வாசலிலும் மாட்டுங்கள். வேலை செய்யும் கருவி உள்ள வீடுகளில் நூறு தீக்கு நேரும் இறப்பு, கருவி இல்லாத அல்லது இருந்தும் வேலை செய்யாத வீடுகளைவிடப் பாதிக்கும் மேல் குறைவு என்கின்றன அமெரிக்கப் புள்ளிவிவரங்கள். மாதம் ஒருமுறை அதன் பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். அம்மா கதவை மூடிக்கொண்டு படுத்திருக்கும்போது அந்தச் சத்தம் அவர் காதில் விழுகிறதா என்பதையும் சோதித்துவிடுங்கள்.