மார்க்கக் கல்வி வகுப்பில் கணக்கேடும் ஒப்பந்தமும்

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் மார்க்கக் கல்வி (இஸ்லாமியப் பாடம்) நடத்துகிறேன். வாரத்துக்கு இரண்டே பாடவேளை. கணக்குப் பதிவு, தொழில் தொடங்குவது, ஸ்ப்ரெட்ஷீட் எல்லாவற்றையும் இதற்குள் எப்படிக் கொண்டுவருவது?

பதில்: புதிய பாடம் தேவையில்லை, ஜகாத் (வசதியுள்ளவர் ஆண்டுதோறும் கொடுக்கவேண்டிய கட்டாய தர்மம்) பாடமே போதும். "இரண்டரை சதவீதம்" என்று ஒப்பிக்கும் மாணவர் கையில் ஒரு கடைக் கணக்கைக் கொடுங்கள் (எண்கள் பயிற்சிக்கு மட்டும்; தொகை நிஸாபை, அதாவது ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவை, எட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள்): கையிருப்பு 25,000, சரக்கு 60,000, வரவேண்டிய நல்ல கடன் 15,000, உடனே கொடுக்கவேண்டியது 20,000. சரக்கை வாங்கிய விலைக்குப் போடக் கூடாது, இன்றைய விற்பனை விலைக்குப் போட வேண்டும். கடை அலமாரி, தராசு கணக்கில் வராது. ஹனஃபி மத்ஹபில் (மத்ஹப் என்பது இஸ்லாமியச் சட்ட மரபு) கடனைக் கழித்து 80,000க்கு 2,000. ஷாஃபிஈ மத்ஹபில் கழிக்காமல் 1,00,000க்கு 2,500. ஸ்ப்ரெட்ஷீட்டில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள்.

மாணவர்கள் தவறுவது நிஸாபில்தான். 85 கிராம் தங்கத்தின் மதிப்பை மொத்தத்திலிருந்து கழித்துவிட்டு, மீதிக்கு மட்டும் ஜகாத் போடுவார்கள். நிஸாப் நுழைவாயில் மட்டுமே. அதை எட்டிவிட்டால் முழுத் தொகைக்கும் ஜகாத் உண்டு. கடை ஆங்கில ஆண்டுப்படி கணக்கு முடித்தால், சந்திர ஆண்டு சுமார் 11 நாள் குறைவு என்பதால் விகிதம் ஏறத்தாழ 2.577 ஆகும். கணித ஆசிரியரையும் வகுப்புக்கு அழைக்க இது நல்ல வாய்ப்பு.

அடுத்து முளாரபா என்னும் லாபப் பங்கு ஒப்பந்தம். ஒருவர் 10,000 போடுகிறார், மற்றவர் உழைக்கிறார். "மாதம் மூலதனத்தில் 5 சதவீதம் தருவேன்" என்று மாணவர் எழுதினால் அது வட்டி. உடனே நிறுத்தித் திருத்துங்கள். லாபத்தில்தான் பங்கு: 60க்கு 40 என்றால், 3,000 லாபத்தில் 1,800, 1,200. நஷ்டம் வந்தால் முதல் போட்டவருக்கு. உழைத்தவரின் அலட்சியமோ ஒப்பந்த மீறலோ இருந்தால் மட்டும் அவர் பொறுப்பு. இந்த ஒப்பந்தத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட வையுங்கள். கடனை எழுதிவைத்துச் சாட்சி வைக்கச் சொல்லும் திருக்குர்ஆன் 2:282 வசனத்தை அந்த நேரத்தில் ஓதிக் காட்டினால், வசனமும் ஒப்பந்தமும் சேர்ந்தே மனத்தில் நிற்கும்.

கேள்வி: ஆன்லைனில் விற்கப் பழக்கலாமா? மாணவர்கள் கையில் சரக்கே இல்லையே?

பதில்: தாராளமாகப் பழக்கலாம், ஆனால் "உன்னிடம் இல்லாததை விற்காதே" என்ற ஹதீஸை (நபிமொழியை) முதலில் நடத்துங்கள். பிறகு அதற்கு விதிவிலக்காக, பொருளைப் பின்னர் ஒப்படைக்கும் ஸலம் ஒப்பந்தம்: பணம் முழுவதும் முன்கூட்டியே, பொருளின் தரம், அளவு, ஒப்படைக்கும் தேதி எழுத்தில். விற்பனை விளம்பரத்தில் பொருளின் குறையை ஒரு வரியில் எழுதுவதும் மதிப்பெண்ணுக்கு உரியதாக இருக்கட்டும்.