மலையில் ஜில், மேட்டுப்பாளையத்தில் அனல்: கார் ஏசி கேள்வி-பதில்

கேள்வி: குன்னூரில் இருக்கிறோம். 2017 மாடல் சின்னக் கார், பெட்ரோல். போன மாதம் ஊட்டியில் 2,200 ரூபாய்க்கு ஏசி கேஸ் நிரப்பினோம். ஊரில் ஓட்டும்போது ஜில்லென்றுதான் இருந்தது. பர்லியார் தாண்டிக் கல்லாறு இறங்கியதும் காற்று சூடாகிவிட்டது. காரமடை ரோட்டில் வேகம் பிடித்தால் லேசாகக் குளிர்கிறது, மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் நின்றால் அனல்தான். கம்ப்ரசர் போய்விட்டது, 18,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்குச் சென்னை போக வேண்டும். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். "ஓடினால் குளிர்கிறது, நின்றால் அனல்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதில் பாதி விடை இருக்கிறது. கம்ப்ரசர் தேய்ந்திருந்தாலும் வேகம் பிடித்தால் கொஞ்சம் குளிரலாம், ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன. வேகத்தோடு கூலிங் வருகிறது என்றால், பெரும்பாலும் ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சருக்கு நின்ற நிலையில் காற்று போதவில்லை, அல்லது உள்ளே கேஸ் அதிகம். உங்கள் விஷயத்தில் இரண்டாவதன் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். காரணம், கேஸ் நிரப்பிய இடம் ஊட்டி.

கார் ஏசியில் இருக்கும் ஆர்-134ஏ கேஸின் அழுத்தம் சுற்றியுள்ள வெப்பத்தைப் பொறுத்தது. ஏசி போடாமல் நிற்கும் காரில் கேஜ் (அழுத்தமானி) மாட்டினால் ஊட்டியின் 15 டிகிரியில் சுமார் 60 பி.எஸ்.ஐ. காட்டும். அதே கார், அதே கேஸ், மேட்டுப்பாளையத்தின் 32 டிகிரியில் 100-ஐ ஒட்டிக் காட்டும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும், கொஞ்சம் திரவமாக மிஞ்சியிருக்கும் வரை இந்த எண் மாறாது. ஏசி ஓடும்போதும் குளிர்ந்த ஊரில் லோ சைடு (கம்ப்ரசருக்குள் கேஸ் போகும் பக்கம்), ஹை சைடு (வெளியேறும் பக்கம்) இரண்டின் அழுத்தமுமே தாழ்ந்துதான் நிற்கும். கீழே பழகிய எண்களை மனதில் வைத்துக்கொண்டு "இன்னும் ஏறவில்லையே" என்று ஊட்டியில் கேஸ் விட்டுக்கொண்டே போனால் அளவு மீறிவிடும். மலையில் அது தெரியாது. சமவெளி வெயிலில் ஹை சைடு எகிறி, பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை அணைத்துவிடும்.

அதனால் கேஸை கேஜ் பார்த்து நிரப்பக் கூடாது, எடை போட்டுத்தான் நிரப்ப வேண்டும். பானட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று இருக்கும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 350-லிருந்து 500-க்குள். ரிக்கவரி மெஷின் உள்ள கடைக்கு, மேட்டுப்பாளையமோ கோவையோ, புதன்கிழமைக்குள் போங்கள். உள்ளே இருப்பதை மெஷினில் இழுத்து எடை பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டிக்கரில் 400 இருக்க 550 வந்தால் வியாதி அதுதான். 200-தான் வந்தால் எங்கோ கசிகிறது. அப்போது மறுபடி நிரப்புவது வீண் செலவு. நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்க்கட்டும். முதலில் பார்க்க வேண்டியவை: கல் அடிபட்ட கண்டன்சரில் எண்ணெய்ப் பிசுக்கு, பைப் இணைப்புகளின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கேஸ் ஏற்றும் வால்வின் பின். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் கசிந்தால் ஒரு முழு நாள் வேலை. வெள்ளிக்கிழமைப் பயணத்துக்கு முன் அதில் கை வைக்காதீர்கள்.

எடை சரியாக இருந்தால் அடுத்தது ஃபேன். வெயிலில் வண்டியை நிறுத்தி ஏசி போட்டு பானட்டைத் திறந்து பாருங்கள். ஃபேன் ஓடவே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே. பல கார்களில் ஹார்ன் ரிலேயும் அதே வகைதான். எண் ஒன்றாக இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். சோம்பலாகச் சுற்றினால் மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கும். ஊட்டிக் குளிரில் ஃபேன் இல்லாமலே கண்டன்சர் ஆறிவிடும் என்பதால் இந்தக் கோளாறும் மலையில் ஒளிந்துகொள்ளும். கண்டன்சரில் பூச்சியும் சேறும் அப்பியிருந்தால் சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். பிரஷர் வாஷர் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

லோ சைடு உயர்ந்தும் ஹை சைடு தாழ்ந்தும் சேர்ந்து நின்றால் மட்டும் கம்ப்ரசர் பேச்சை எடுக்கலாம். அப்போதும் அந்த 18,000-இல் ட்ரையர் (ஈரம் உறிஞ்சும் பாகம்), ஆயில், கேஸ், லைன் ஃபிளஷ் (பைப்புகளைக் கழுவுவது) எல்லாம் அடக்கமா என்று கேளுங்கள்.

நிரப்புவதற்கு முன், உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்கும் வேக்கம் பம்ப் குறைந்தது அரை மணி நேரம் ஓடவேண்டும். ஊட்டியிலேயே செய்தால் முக்கால் மணி. குளிரில் ஈரம் மெதுவாகத்தான் வெளியேறும். அந்த உயரத்தில் வேக்கம் கேஜ் 23 அங்குலத்தைத் தாண்டாது. கீழே வருவது போல 29 வரட்டும் என்று நிற்பவர் தீபாவளி வரை நிற்கலாம்.

வேலை முடிந்ததும் கீழேயே, மதிய வெயிலில், நின்ற வண்டியில் சோதியுங்கள். உட்காற்றுச் சுழற்சியில் வைத்து, நடு வென்ட்டில் தெர்மாமீட்டர் செருகி, பத்து நிமிடம். வெளியே 33 டிகிரி இருக்கையில் 8 முதல் 12-க்குள் வந்தால் சென்னைக்குக் கிளம்பலாம்.

கேள்வி: ஊட்டியில் ஏசியே தேவைப்படுவதில்லை. எட்டு மாதமாகப் போடவில்லை. அதனால் கெடுமா?

பதில்: கெடும். கம்ப்ரசருக்கான ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. ஓடாமல் கிடந்தால் ஷாஃப்ட் சீல் காய்ந்து கேஸ் கசியும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பத்து நிமிடம் போடுங்கள். பனிமூட்டத்தில் கண்ணாடி ஆவி பிடிக்கும்போது ஹீட்டரோடு சேர்த்துப் போட்டால் இரண்டும் நடந்துவிடும். ஜனவரி உறைபனிக் காலையில் கம்ப்ரசர் ஓடவில்லையே என்று பதற வேண்டாம். காயில் உறையாமலிருக்க சென்சாரே அதை நிறுத்திவைக்கும். பானட்டுக்குள் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கோத்தகிரியில் கேஸ் நிரப்பிப் பத்தே நாளில் போய்விட்டது. "கேஸுக்கு வாரண்டி கிடையாது" என்கிறார்கள். விட்டுவிடுவதா?

பதில்: கேஸுக்கு இல்லாமலிருக்கலாம், செய்த வேலைக்கு அவர்கள்தான் பொறுப்பு. கசிவு பார்க்காமல் நிரப்பியது சேவைக் குறைபாடு என்று வாதிட இடமுண்டு. ஆனால் பில் வேண்டும். எத்தனை கிராம் எடுத்தது, எத்தனை ஏற்றியது, வேக்கம் எவ்வளவு நேரம், கசிவுச் சோதனை செய்ததா, இந்த நான்கும் பில்லில் இருக்கட்டும். "ஏசி சர்வீஸ்" என்று ஒற்றை வரியில் எழுதினால் வாங்காதீர்கள். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும். நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லையென்றால் உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை கோவையில் இருந்தாலும்.